போத்தலில் முன்பு என்ன இருந்தது?

சுங்கை சிப்புட் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1948 ஜூன் 16 நினைவுக்கு வரும். எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, அவசரகாலப் பிரகடனத்துக்கு வழிவகுத்த நாள் அது. அரசியல் படித்தவர்களுக்குத் துன் சம்பந்தனும், 1960இல் அவர் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமும் நினைவுக்கு வரலாம். ஆனால் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த ஒவ்வொரு குடும்பமும் நாள் தவறாமல் கையில் தூக்கிச் சென்ற ஒரு பொருள் எந்தப் புத்தகத்திலும் இடம்பெறவில்லை. அதுதான் போத்தல்.

இன்று நம் பல்கலைக்கழக விடுதிகளில் ஆளுக்கொரு போத்தல் இருக்கிறது. "பிபிஏ இல்லாதது" என்று அட்டையில் அச்சிட்டு, சாதாரணப் போத்தலைவிடப் பத்து இருபது ரிங்கிட் கூடுதலாக விற்கிறார்கள். அதே வேளையில், "இந்த எண் கொண்ட போத்தலில் தண்ணீர் குடித்தால் புற்றுநோய்" என்று கைப்பேசிக்கு வரும் செய்திகளும் ஓய்ந்தபாடில்லை. இவற்றில் எது உண்மை, எது வியாபாரம், எது வெறும் பயம்? இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்துப் போத்தல்

பால்மரம் வெட்டப் போனவர்கள் விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்போதே குடிப்பதற்கு ஏதாவது எடுத்துச் செல்வார்கள். என் பாட்டி கிச்சாப் போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவி, அதில் கடுங்கோப்பி ஊற்றி, சோளத்தட்டையையோ சுருட்டிய தாளையோ மூடியாக அடைத்துக்கொண்டு போனதாகச் சொல்வார். அந்தப் போத்தல் கண்ணாடி. கண்ணாடியில் எதை ஊற்றினாலும் அது பெரும்பாலும் அப்படியே இருக்கும். சூட்டையும் தாங்கும், புளிப்பையும் தாங்கும், பழைய வாசனையையும் பிடித்து வைக்காது. வேறு வழியில்லாமல் கையில் எடுத்த அந்தப் போத்தல், வேதியியல் கணக்குப்படி இன்றைய விலை உயர்ந்த போத்தல்கள் பலவற்றைவிடப் பாதுகாப்பானது.

பிளாஸ்டிக் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. தோட்டத்தில் எந்தப் பாத்திரமும் வீணாவதில்லை. பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் கலன்களில் வந்தது. பால் கெடாமல் இருக்க அமோனியா வந்தது. புல்லுக்கு அடிக்கும் மருந்தும் கலன்களில்தான் வந்தது. அவை காலியான பின் பார்ப்பதற்கு நல்ல உறுதியான கலன்கள். மூடி இறுக்கமாக இருக்கும், கைப்பிடி இருக்கும், விழுந்தாலும் உடையாது. தண்ணீர்க் குழாய் லயத்துக்கு வெளியே இருந்த காலத்தில், இப்படி ஒரு கலனைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று தோன்றுவது இயற்கை. அங்கேதான் ஆபத்து இருந்தது.

கழுவினாலும் போகாத மருந்து

மருந்துக் கலன்களில் பெரும்பாலானவை உயர் அடர்த்தி பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. முக்கோணத்துக்குள் 2 என்று எண் இருக்கும். கடையில் விற்கும் பால் போத்தல்கள் பலவும் இதே பிளாஸ்டிக்தான், ஆகவே பிளாஸ்டிக் குற்றவாளி அல்ல. ஆனால் பூச்சிக்கொல்லிகளும் களைக்கொல்லிகளும், அவற்றோடு கலந்திருக்கும் கரைப்பான்களும் அந்தப் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறிவிடக்கூடியவை. மேற்பரப்பைத் தேய்த்துக் கழுவலாம். சுவருக்குள் ஊறியதைக் கழுவ முடியாது. ஊற்றி வைத்த தண்ணீருக்குள் அது மெல்ல மெல்லத் திரும்பி வரும். காலிக் கலன்களை மும்முறை அலசி, ஓட்டை போட்டு, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் வற்புறுத்துவது இதனால்தான். மும்முறை அலசுவது கலனை அப்புறப்படுத்துவதற்கான முறை. குடிதண்ணீர் பிடிப்பதற்கான முறை அல்ல.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. குடிக்கும் போத்தலில் மருந்தை ஊற்றி வைப்பது. 1962இல் கிராமக்சோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்த பாராகுவாட் என்னும் களைக்கொல்லி, தொடக்கத்தில் கருமை கலந்த பழுப்பு நிறத் திரவமாக இருந்தது. பார்ப்பதற்குக் கோப்பி போலவும் கோலா போலவும் இருக்கும். வீட்டில் கொஞ்சம் அடிக்கலாம் என்று பானப் போத்தல்களில் ஊற்றி வைத்ததை, பானம் என்று நினைத்துக் குடித்தவர்கள் பல நாடுகளில் இறந்தார்கள். ஒரு வாய் விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. முறிவு மருந்து இல்லை. நுரையீரல் நாள்கணக்கில் இறுகிப் போய், மூச்சுவிட முடியாமல் மரணம் வரும். பின்னாளில்தான் அந்தத் திரவத்தில் நீல நிறமும் துர்நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள். போத்தல் மாறியதால் ஏற்பட்ட மரணங்களே அதற்கு முக்கியக் காரணம்.

நம் நாட்டில் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் எத்தனையோ பேர். 2002இல் தெனகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்பும் சேர்ந்து தோட்டத்துப் பெண்களின் உடல்நலத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு பாராகுவாட்டைத் தடை செய்ய முடிவெடுத்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இறுதியாக 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது. முதல் தடைக்கும் கடைசித் தடைக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றும் குளோரோக்ஸ், தின்னர், கார் பேட்டரித் தண்ணீர், செடிக்கு அடிக்கும் மருந்து ஆகியவற்றைக் காலி மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, அடுப்படி மூலையில் வைக்கும் வீடுகள் உண்டு. எந்தப் பிளாஸ்டிக், எந்த எண் என்று ஆராய்வதற்கு முன் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் போத்தலில் முன்பு என்ன இருந்தது?

பிஸ்பினால் ஏ: பயமும் கணக்கும்

இனி நம் மேசைமேல் இருக்கும் போத்தலுக்கு வருவோம். கண்ணாடி போலத் தெளிவாகவும் கல் போல உறுதியாகவும் இருக்கும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் 1953இல் கண்டுபிடிக்கப்பட்டது. அலுவலகங்களிலும் விடுதிகளிலும் கவிழ்த்து வைக்கும் பெரிய நீல நிறத் தண்ணீர்க் கலன்கள் பல இதனால் ஆனவை. இதன் அடிப்படைக் கல்தான் பிஸ்பினால் ஏ, சுருக்கமாகப் பிபிஏ. செங்கல்லைச் சுண்ணாம்பு வைத்துக் கட்டுவதுபோல் இதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பாலிகார்பனேட் செய்கிறார்கள். பிணையாமல் எஞ்சிய சில கற்கள் உள்ளே கிடக்கும். சூடும் காரத்தன்மையும் பட்டால் பிணைந்தவையும் சில பிரியும். அவை தண்ணீரில் கலக்கும்.

இதில் கவலை என்ன? பிஸ்பினால் ஏ, பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் போலச் சிறிதளவு செயல்படக்கூடியது. இது புதிய செய்தி அல்ல. 1936இலேயே எட்வர்ட் சார்ல்ஸ் டாட்ஸ் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் இதைச் சோதித்துக் காட்டினார். பிளாஸ்டிக்காக மாறுவதற்கு முன்பே அதன் இயல்பு தெரிந்திருந்தது.

நம்மைப் போன்ற மாணவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்தது. 2009இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 77 மாணவர்கள் ஒரு வாரம் துருப்பிடிக்கா எஃகுப் போத்தலில் குடித்தார்கள். அடுத்த வாரம் குளிர்ந்த பானங்களைப் பாலிகார்பனேட் போத்தலில் குடித்தார்கள். அந்த ஒரே வாரத்தில் அவர்களுடைய சிறுநீரில் பிஸ்பினால் ஏயின் அளவு 69 விழுக்காடு கூடியது. போத்தலிலிருந்து உடலுக்குள் போகிறது என்பதில் இதற்குமேல் ஐயம் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2008இல், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடந்தது. மலையேற்றப் பயிற்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திய பழைய போத்தல்களையும் புத்தம் புதிய போத்தல்களையும் ஒப்பிட்டார்கள். சாதாரணத் தண்ணீரில் பழையதற்கும் புதியதற்கும் வேறுபாடு இல்லை. மணிக்கு 0.2 முதல் 0.8 நானோகிராம் வரை வெளிவந்தது. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் கொதிநீர் ஊற்றிய பிறகு வெளிவரும் வேகம் 55 மடங்கு வரை கூடி, மணிக்கு 8 முதல் 32 நானோகிராம் ஆனது. போத்தலின் வயதைவிடத் தண்ணீரின் சூடே முக்கியம் என்பது தெளிவானது.

இந்தச் சோதனை நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது நம் வழக்கம். கொதித்த தண்ணீரை ஆறவிடாமல், பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நேரே போத்தலில் ஊற்றுவதும் நம் வழக்கம்தான். கொதிக்கவைப்பது கிருமியைக் கொல்கிறது. ஆறவைத்து ஊற்றினால் அந்த நன்மை முழுதாகக் கிடைக்கும்.

ஒரே போத்தல், இரண்டு அளவுகோல்

சரி, மணிக்கு 32 நானோகிராம் என்பது அதிகமா, குறைவா? இதற்குச் சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் ஓர் அளவு நிர்ணயித்தது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை பிஸ்பினால் ஏ உடலுக்குள் போகலாம் என்றது. 60 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது நாளுக்கு 240 மைக்ரோகிராம். கொதிநீர் பட்ட அந்தப் போத்தல் எட்டு மணி நேரத்தில் அதிகபட்சம் 256 நானோகிராம், அதாவது கால் மைக்ரோகிராம் தருகிறது. அனுமதித்த அளவில் இது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பயப்பட ஒன்றுமில்லை.

2023இல் அதே ஆணையம், நோய் எதிர்ப்பு அமைப்பின் மீதான பாதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அந்த அளவை 20,000 மடங்கு குறைத்தது. புதிய அளவு கிலோவுக்கு 0.2 நானோகிராம். அதே மாணவருக்கு நாளுக்கு 12 நானோகிராம் மட்டுமே. அதே போத்தல் இந்த அளவை அரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடுகிறது. போத்தலும் தண்ணீரும் மாணவரும் மாறவில்லை. அளவுகோல் மாறியது.

அறிவியலாளர்கள் எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2023இல் கிலோவுக்கு 200 நானோகிராம் என்று வேறோர் அளவைக் கூறியது. அதன்படி பார்த்தால் நம் மாணவர் பாதுகாப்பான எல்லைக்குள்தான் இருக்கிறார். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. 2024 டிசம்பரில், உணவோடு தொடர்புபடும் பொருள்களில் பிஸ்பினால் ஏயைத் தடை செய்யும் சட்டத்தை வெளியிட்டது. அது 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்தது, உற்பத்தியாளர்கள் மாறிக்கொள்ளக் கால அவகாசமும் தரப்பட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் பழமொழி. அந்த அளவு எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நஞ்சியல். அது ஆய்வுக்கு ஆய்வு திருத்தப்படும். ஆகவே, "இதில் குடித்தால் புற்றுநோய்" என்று முடிவு கட்டுவதும் பிழை, "இத்தனை ஆண்டாகக் குடிக்கிறோம், என்ன ஆகிவிட்டது" என்று ஒதுக்குவதும் பிழை. செலவில்லாமல் தவிர்க்க முடிந்ததைத் தவிர்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

"பிபிஏ இல்லாதது" என்ற வாசகமும் முழு உறுதி அல்ல. பிஸ்பினால் ஏயை நீக்கிவிட்டு, அதன் உடன்பிறப்புகளான பிஸ்பினால் எஸ், பிஸ்பினால் எஃப் ஆகியவற்றைப் பல பொருள்களில் சேர்த்தார்கள். அவையும் இயக்குநீர் போலச் செயல்படக்கூடியவை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பாதுகாப்பு மதிப்பெண்ணும் அல்ல. மறுசுழற்சிக்காகப் பிளாஸ்டிக்கை வகை பிரிப்பதற்கு 1988இல் அமெரிக்காவில் ஏற்படுத்திய குறியீடு அது. குறிப்பாக 7 என்பது "மற்றவை" என்று மட்டுமே பொருள்படும். பாலிகார்பனேட்டும் அதில்தான் அடங்கும், பிஸ்பினால் ஏ சேர்க்காத டிரைட்டன் போன்றவையும் அதில்தான் அடங்கும்.

பச்சிளங் குழந்தைக்கு

பெரியவர்களைப் பொறுத்தவரை வாதம் தொடரலாம். கைக்குழந்தையின் கணக்கு வேறு. எடை குறைவு, குடிப்பதெல்லாம் ஒரே போத்தலில், அதுவும் வெந்நீரில் கலக்கிய பால். கழிவை வெளியேற்றும் உறுப்புகளும் முழு வளர்ச்சி அடைந்திருக்காது. இதனால்தான் 2008இல் கனடாவும், 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் பாலிகார்பனேட் பால் புட்டிகளைத் தடை செய்ய முன்வந்தன. மலேசியாவில் 2012 மார்ச் 1 முதல் பிஸ்பினால் ஏ கலந்த பால் புட்டிகளுக்குச் சுகாதார அமைச்சு தடை விதித்தது. அக்காவோ அண்ணியோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் பழைய பால் புட்டி அதற்கு முந்தையது என்றால், அடுத்த குழந்தைக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்போது பெரும்பாலான பால் புட்டிகள் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. எண் 5. இதில் பிஸ்பினால் ஏ கிடையாது. ஆனால் 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வெந்நீரில் பால் கலக்கும்போது இவற்றிலிருந்து லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்வதைக் கண்டார்கள். அத்துகள்கள் உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. தீர்வு எளியது. பாலைக் கண்ணாடியிலோ எஃகுப் பாத்திரத்திலோ கலக்கி, ஆறிய பின் புட்டியில் ஊற்றலாம்.

மினரல் தண்ணீர்ப் போத்தல்

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் பையில் அதிகம் காண்பது இதைத்தான். எண் 1, பெட் பிளாஸ்டிக். இதில் பிஸ்பினால் ஏ சேர்ப்பதில்லை. ஆனால் இதைத் தயாரிக்க ஆண்டிமனி என்னும் உலோகச் சேர்மம் பயன்படுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2008இல் நடந்த ஆய்வில், 60 பாகை செல்சியசில் ஆண்டிமனி அந்நாட்டின் குடிநீர் வரம்பைத் தாண்ட 176 நாள் ஆனது. 80 பாகையிலோ இரண்டே கால் நாள் போதுமானதாக இருந்தது. ஆகவே சாதாரணத் தண்ணீருக்கு ஆபத்தில்லை. வெயிலில் நிறுத்திய காரில் வாரக்கணக்கில் கிடந்த போத்தலையும், வெந்நீர் ஊற்றி நெளிந்துபோன போத்தலையும் விட்டுவிட வேண்டும்.

உண்மையில் இவ்வகைப் போத்தலில் வேதிப்பொருளைவிடக் கிருமிதான் முதல் பிரச்சினை. வாய் குறுகியது, தேய்த்துக் கழுவ முடியாது. தண்ணீர் விற்கும் இயந்திரத்தில் காசு போட்டு, சுத்திகரித்த நீரை வழவழப்பாகிப்போன பழைய கலனில் பிடித்தால், சுத்திகரித்ததன் பயன் அங்கேயே போய்விடுகிறது.

பாட்டிமார் அறிந்த வேதியியல்

பிளாஸ்டிக்குக்குப் பயந்து உலோகத்துக்கு மாறுவோர் பெருகிவிட்டனர். உலோகத்துக்கும் விதிமுறை உண்டு. அதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள். புளியும் எலுமிச்சையும் பட்டால் பித்தளையிலிருக்கும் செம்பு கரைந்து உணவில் சேரும் என்பதால் செய்த தடுப்பு அது. இங்கே மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும் நஞ்சு. இரண்டையும் பேச்சு வழக்கில் "ஈயம்" என்றே சொல்கிறோம். ஒரு சொல்லின் முன்னொட்டு உதிர்ந்ததால் மருந்துக்கும் நஞ்சுக்கும் வேறுபாடு மறைந்துவிட்டது.

அதே தத்துவத்தில்தான் அலுமினியப் போத்தல்களுக்குள் பூச்சு பூசுகிறார்கள். ஆனால் பூச்சில் என்ன இருக்கிறது என்பதே பிறகு கேள்வியானது. சிக் என்ற புகழ்பெற்ற சுவிட்சர்லாந்து நிறுவனம், 2008 ஆகஸ்டுக்கு முன் தயாரித்த போத்தல்களின் உட்பூச்சில் பிஸ்பினால் ஏ இருந்ததை 2009இல் ஒப்புக்கொண்டது. பிளாஸ்டிக் வேண்டாம் என்று அதை வாங்கியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். 2024இல் ஸ்டான்லி குவளைகளைப் பற்றிய பரபரப்பும் நினைவிருக்கலாம். அடிப்பகுதியை அடைக்கும் பற்றாசில் காரீயம் இருந்தது உண்மை. ஆனால் அது எஃகு மூடியால் மறைக்கப்பட்டிருக்கிறது, தண்ணீரைத் தொடுவதில்லை. அடிமூடி கழன்று விழுந்தால் மட்டுமே குவளையை ஒதுக்க வேண்டும்.

செம்புப் போத்தலுக்கு நம்மவரிடையே தனி மதிப்பு. அதில் நியாயமும் இருக்கிறது. பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்தன. கரைந்த செம்பின் அளவும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மிகவும் கீழேயே இருந்தது. ஆனால் இது வெறும் தண்ணீருக்கு மட்டும். மோர், எலுமிச்சைச் சாறு, ரசம் ஆகியவற்றைச் செம்பில் ஊற்றவே கூடாது.

எளிய ஐந்து விதிகள்

ஒன்று, மருந்து, அமிலம், எண்ணெய், வண்ணம் இருந்த கலனில் எத்தனை முறை கழுவினாலும் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது. குடிக்கும் போத்தலில் அவற்றை ஊற்றவும் கூடாது.

இரண்டு, எந்தப் பிளாஸ்டிக்காக இருந்தாலும் கொதிநீரை நேரே ஊற்றாமல் ஆறவைத்து ஊற்ற வேண்டும்.

மூன்று, புளிப்புள்ளவற்றுக்குக் கண்ணாடியோ நல்ல துருப்பிடிக்கா எஃகோ போதும்.

நான்கு, கீறல் விழுந்தது, நெளிந்தது, மங்கியது, வாசனை போகாதது ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும்.

ஐந்து, நாள்தோறும் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தையும் மறக்க வேண்டாம்.

நண்பர்களே, இவற்றில் எதற்கும் நூறு ரிங்கிட் போத்தல் தேவையில்லை. எல்பில், ஹீவூட், டோவன்பி போன்ற தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் படித்து இன்று பல்கலைக்கழகம் வந்திருக்கும் நம்மில் பலர், மருந்துக் கலனின் அட்டையை முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளும் முதல் தலைமுறை. நம் பாட்டிமார்கள் அந்த அட்டையைப் படிக்க முடியாமலேயே அந்த மருந்தை முதுகில் சுமந்தார்கள். நாம் கற்ற வேதியியலைத் தேர்வுத் தாளோடு விட்டுவிடாமல், இந்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அடுப்படிக்குக் கொண்டுசெல்வோம். மூலையில் இருக்கும் ஒவ்வொரு போத்தலையும் எடுத்து, அதில் முன்பு என்ன இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் தமிழில் கேட்போம்.